சென்னையில் கண்டுபிடித்த சிறுகோள்: 87 சில்வியாவைத் தேடிப் பிடிக்கும் வழி

நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் தூண் அது. அதில் பொறித்திருக்கும் எழுத்துகளில் தமிழும் உண்டு. புயல் வரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் அந்த வளாகத்தைப் பார்க்கிறோம். அங்கே வேலை பார்த்த நார்மன் ராபர்ட் போக்சன் என்ற வானியலாளர் 1866 மே 16ஆம் தேதி ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு 87 சில்வியா என்று பெயர்.

அந்தச் சிறுகோளை நீங்களே வானத்தில் தேடிப் பிடிக்கவும், அதன் அளவையும் நிறையையும் பள்ளிக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கவும் இந்தக் கட்டுரை வழி சொல்லும். வானியல் படித்திருக்க வேண்டியதில்லை. பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும். மொபைலில் இருக்கும் கால்குலேட்டர் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

லட்சக்கணக்கான சிறுகோள்கள் இருக்க, ஏன் சில்வியா? அதற்கு இரண்டு நிலாக்கள் உண்டு. நிலா இருந்தால் தாய்க்கோளின் நிறையை வீட்டில் உட்கார்ந்தபடியே கணக்குப் போடலாம். நிறை தெரிந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதுவரை ஊகிக்கலாம். வானத்தில் வெறும் புள்ளியாகத் தெரிகிற ஒன்றைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம்தான்.

பெயரும் எண்ணும்

சிறுகோளின் பெயருக்கு முன்னால் ஓர் எண் இருக்கும். கண்டுபிடித்த வரிசையை ஒட்டி வந்த எண் அது. 1801 ஜனவரி 1ஆம் தேதி சிசிலித் தீவின் பலேர்மோவில் பியாட்சி கண்டுபிடித்த சீரிஸுக்கு எண் 1. சில்வியாவுக்கு 87.

இந்த எண்ணை வைத்து ஒரு விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடலாம். புகைப்படம் எடுத்து முதன்முதலில் கண்டுபிடித்த சிறுகோள் 323 புரூசியா. 1891இல் ஜெர்மனியின் மேக்ஸ் வோல்ஃப் கண்டுபிடித்தார். அதைவிடச் சிறிய எண்ணைப் பார்த்தால், யாரோ ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தே கண்டுபிடித்த சிறுகோள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது, நல்ல தொலைநோக்கி இருந்தால் நம் கண்ணுக்கும் அது எட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எண் சிறியதாக உள்ள சிறுகோள்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

போக்சன் 1861இல் மதராஸுக்கு வந்தார். வந்த ஆண்டிலேயே 67 ஆசியாவைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு அந்தப் பெயர். அப்புறம் 80 சாஃபோ, 87 சில்வியா, 107 கமிலா, கடைசியாக 1885இல் 245 வேரா. எல்லாமே நுங்கம்பாக்கத்து வானம். அதற்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து அடுத்த சிறுகோளைக் கண்டுபிடிக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1988இல் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் கண்டுபிடித்த அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள்.

சில்வியா என்ற பெயர் ரோமானியக் கதையிலிருந்து வந்தது. ரோம் நகரை உண்டாக்கிய ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டையரின் தாய் ரியா சில்வியா. போக்சன் பெயர் வைத்தபோது நிலாக்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. 135 ஆண்டுகள் கழித்து, 2001இல் மைக்கேல் பிரவுனும் ழான்-லுக் மார்கோவும் ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில் பார்த்து ஒரு நிலாவைக் கண்டுபிடித்தார்கள். 2005இல் ஃபிராங்க் மார்ஷியின் குழு, சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கி எடுத்த படங்களில் இரண்டாவது நிலாவையும் கண்டது. இரண்டு நிலாக்கள் உள்ள சிறுகோள் என்று முதன்முதலில் தெரியவந்தது சில்வியாதான். நிலாக்களுக்குப் பெயர் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று: ரோமுலஸ், ரீமஸ்.

நோட்டில் ஐந்து எண்கள்

கோடு போடாத நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாசாவின் ஜேபிஎல் நிறுவனம் சிறுகோள்களுக்கென்று ஒரு தகவல் தளம் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் 87 என்று தட்டினால் சில்வியாவின் பக்கம் வரும். எண்கள் நிறைய இருக்கும், மிரள வேண்டாம். நமக்கு வேண்டியவை இவ்வளவுதான்:

சூரியனிலிருந்து சராசரித் தொலைவு: 3.48 வானியல் அலகு
பாதையின் நீள்வட்டத் தன்மை: 0.09
பாதையின் சாய்வு: 10.9 பாகை
தனிப் பொலிவெண்: 6.94
தன்னைத்தானே சுற்றும் நேரம்: 5.18 மணி

கடைசி இலக்கங்கள் புதிய அளவீடுகள் வரும்போது கொஞ்சம் மாறும். நம் கணக்குக்கு அது தடையில்லை.

வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள சராசரித் தொலைவு, ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். செவ்வாய் 1.5 அலகிலும் வியாழன் 5.2 அலகிலும் சுற்றுகின்றன. இரண்டுக்கும் நடுவில்தான் சிறுகோள் பட்டை.

இப்போது முதல் கணக்கு. 3.48ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 42.1 வரும். அதற்கு வர்க்கமூலம் எடுங்கள்: 6.49. சில்வியா சூரியனை ஒரு முறை சுற்ற ஆறரை ஆண்டுகள் ஆகின்றன என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். இது கெப்ளரின் மூன்றாம் விதி. எந்தச் சிறுகோளுக்கும் இதே இரண்டு பொத்தான்தான்.

நீள்வட்டத் தன்மை 0.09 என்பதால் பாதை கிட்டத்தட்ட வட்டம். 3.48ஐ 0.09ஆல் பெருக்கினால் 0.31. அதைக் கழித்தால் சூரியனுக்கு மிக அருகில் வரும் தொலைவு, கூட்டினால் மிகத் தள்ளிப் போகும் தொலைவு. 3.17க்கும் 3.79க்கும் இடையில் சில்வியா போய் வருகிறது.

இந்தப் பட்டையைத்தான் முதன்மைப் பட்டை என்பார்கள். அதன் பெரும்பகுதி 3.27 அலகோடு முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு சிறுகோள் இருந்தால், வியாழன் ஒரு சுற்றுச் சுற்றும்போது அது சரியாக இரண்டு சுற்றுச் சுற்றும். அதனால் வியாழனின் இழுப்பு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அதன் மேல் விழுந்து, காலப்போக்கில் பாதையையே கலைத்துவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ, அது. எனவே அங்கே ஓர் இடைவெளி இருக்கிறது. சில்வியா அந்த இடைவெளிக்கு அப்பால், சிபெலி கூட்டம் என்று அழைக்கும் சிறுகோள்களோடு இருக்கிறது. ஜேபிஎல் தளம் இதை "வெளி முதன்மைப் பட்டை" வகையில் வைத்திருக்கிறது. ஊர் எல்லையில் கடைசித் தெருவில் வீடு கட்டியிருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மங்கல்?

வானத்தில் ஒரு பொருள் எவ்வளவு பொலிவாகத் தெரிகிறது என்பதைப் பொலிவெண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூடப் பொலிவு குறையும். நல்ல இருட்டில் நம் கண்ணுக்கு 6 வரை தெரியும். ஐந்து எண் வித்தியாசம் என்றால் சரியாக நூறு மடங்கு மங்கல். ஓர் எண்ணுக்கு 2.512 மடங்கு. இந்த அளவுகோலை 1856இல் முன்வைத்தவரும் இதே போக்சன்தான், மதராஸ் வருவதற்கு முன்பே. சிறுகோள்களின் பொலிவை முன்கூட்டிக் கணக்கிட்டுத் தரும் வேலைக்காகவே அதை எழுதினார். இன்று உலகில் எந்தத் தொலைநோக்கியில் எந்த நட்சத்திரத்தை அளந்தாலும் அவருடைய 2.512 உள்ளே இருக்கிறது. சில்வியாவைக் கண்டுபிடித்தவருடைய அளவுகோலாலேயே சில்வியாவை அளக்கிறோம்.

நோட்டில் எழுதிய 6.94 நாம் பார்க்கும் பொலிவு அல்ல. சூரியனிலிருந்தும் பூமியிலிருந்தும் ஓர் அலகுத் தொலைவில் இருந்து, முழு வெளிச்சத்தோடு தெரிந்தால் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கு எண் அது. உண்மையில் சில்வியா நமக்கு மிக வசதியாக இருக்கும்போது பொலிவெண் 11க்கும் 12க்கும் இடையில் இருக்கும். கண்ணுக்கு எட்டுவதைவிட நூறு மடங்குக்கும் மேல் மங்கல். பைனாகுலரில் தெரியாது. ஆறு அங்குலத் தொலைநோக்கியும் ஊருக்கு வெளியே நல்ல இருட்டும் வேண்டும். எட்டு அங்குலம் இருந்தால் இன்னும் நிம்மதி. நகரத்து மொட்டை மாடியிலிருந்து கண்ணால் பார்ப்பது கஷ்டம், ஆனால் தொலைநோக்கியோடு கேமரா பொருத்திச் சில நிமிட வெளிச்சத்தைச் சேர்த்து எடுத்தால் வந்துவிடும்.

எப்போது தேடலாம்

பூமி நடுவில் இருக்க, சூரியன் ஒரு பக்கமும் சிறுகோள் எதிர்ப்பக்கமும் இருக்கும் நாளை எதிரமைவு என்பார்கள். அன்று சிறுகோள் சூரியன் மறையும்போது உதித்து, நள்ளிரவில் உச்சிக்கு வரும். நமக்கு மிக அருகிலும் மிகப் பொலிவாகவும் இருக்கும். சில்வியாவுக்கு ஏறத்தாழ 14 மாதங்களுக்கு ஒரு முறை எதிரமைவு வரும். அந்தத் தேதியை ஜேபிஎல்லின் ஹொரைசன்ஸ் சேவையில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுகோள் எந்த நேரத்தில் வானத்தில் எங்கே இருக்கும் என்று அட்டவணை போட்டுத் தரும் இணையச் சேவை அது. அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பின்னாக, அமாவாசையை ஒட்டிய நாட்களைக் குறித்து வையுங்கள். நிலா வெளிச்சத்தில் இந்த வேலை நடக்காது.

ஹொரைசன்ஸில் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கொடுக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். சில்வியா அவ்வளவு தொலைவில் இருப்பதால் சென்னையிலிருந்து பார்த்தாலும் யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தாலும் நட்சத்திரங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கும். நேரத்தில்தான் கவனம் வேண்டும். அட்டவணை உலகப் பொது நேரத்தில் வரும். அதில் 00:00 என்றால் நமக்குக் காலை 5.30.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. முதல் தடவை தேடியபோது நான் அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்துவிட்டேன். அட்டவணை சொன்ன இடத்தின் ஓரத்தில் ஒரு மங்கலான புள்ளி இருந்தது. சந்தோஷமாக அதை வட்டமிட்டு நோட்டில் தேதி போட்டேன். அடுத்த இரவும் அது அதே இடத்தில் இருந்தது. மூன்றாம் இரவும் அங்கேயே இருந்தது. நட்சத்திரம்! உண்மையான சில்வியா பக்கத்தில் இன்னொரு புள்ளியாக நகர்ந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. நோட்டில் நான் வரைந்திருந்த மற்றப் புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எது நகர்ந்தது என்று தெரிந்தது. ஐந்தரை மணி நேரத்தில் சில்வியா அதிக தூரம் நகராது, ஆனால் நட்சத்திரம் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அந்தக் கொஞ்சமே ஏமாற்றப் போதும்.

முதலில் வெஸ்டாவில் பழகுங்கள்

நேராகச் சில்வியாவுக்குப் போகாதீர்கள். 4 வெஸ்டாவில் தொடங்குங்கள். 1807இல் ஓல்பர்ஸ் கண்டுபிடித்த இந்தச் சிறுகோள்தான் எல்லாவற்றிலும் பொலிவானது. எதிரமைவின்போது பொலிவெண் 6ஐ ஒட்டி வந்துவிடும். சாதாரண பைனாகுலரில் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். எதிரமைவை ஒட்டி ஒரு நாளைக்கு ஏறத்தாழ முழு நிலவின் பாதி அகலம் நகரும். இரண்டு இரவு பார்த்தால் நகர்ந்தது கண்ணுக்கே தெரிந்துவிடும். அந்த ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசுக்குள் ஒரு தைரியம் வரும். அப்புறம் பொலிவெண் 10, 11 என்று வரும் 67 ஆசியா. அதற்குப் பிறகு சில்வியா.

மாடியில் செய்ய வேண்டியது

கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். சிறுகோள்களின் பாதைத் தகவலை அதில் புதுப்பிக்கும் வசதி இருக்கிறது. தேடும் வாரத்தில் அதை மறக்காமல் புதுப்பியுங்கள். பழைய தகவலோடு பார்த்தால் சிறுகோள் கொஞ்சம் தள்ளிக் காட்டும்.

சில்வியா இருக்கும் பகுதியைப் பெரிதாக்கி, பொலிவெண் 12.5 வரை உள்ள நட்சத்திரங்கள் தெரியும்படி வைத்துத் தாளில் அச்செடுங்கள். ஆனால் அந்தத் தாளில் சில்வியாவின் இடத்தைக் குறிக்காதீர்கள். இதை நான் வற்புறுத்துவேன். இடம் முன்பே தெரிந்துவிட்டால் கண் அங்கே எதையாவது கற்பனை செய்துவிடும். பகுதி மட்டும் தெரிந்தால் போதும்.

இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடம் கொடுங்கள். மொபைலை மடக்கி வைத்துவிடுங்கள். தாளைப் பார்க்கச் சிவப்பு விளக்கு வேண்டும். டார்ச்சின் மேல் சிவப்பு ஜிகினாத் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டில் கட்டினால் சரியாக இருக்கும்.

பக்கத்தில் உள்ள பொலிவான நட்சத்திரத்தில் தொடங்கி, அங்கிருந்து அடுத்த நட்சத்திரம், அங்கிருந்து அடுத்தது என்று தாவித் தாவிப் போங்கள். தொலைநோக்கியில் படம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியலாம். அச்செடுக்கும் முன் மென்பொருளில் அதற்கேற்பப் புரட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மாடியில் தாளைத் திருப்பித் திருப்பியே கழுத்து வலி வந்துவிடும்.

இடம் வந்ததும் கண்ணில் படும் ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் நோட்டில் வரையுங்கள். பொலிவானதற்குப் பெரிய புள்ளி, மங்கலுக்குச் சின்னப் புள்ளி. மிக மங்கலானவற்றை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெரியும். கண்ணின் ஓரப் பகுதிக்கு மங்கலான வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன் அதிகம். முக்கோணம், வளைந்த கோடு, ஏர் மாதிரி என்று புள்ளிகள் ஏதாவது ஓர் உருவமாகச் சேரும். அந்த உருவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து இருபது புள்ளிகள் போதும். கீழே தேதி, நேரம், தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் எந்த வில்லையைப் பொருத்தினீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

மறுநாள் இரவு அதே பகுதியை மறுபடி வரையுங்கள். முந்தைய நாள் பக்கத்தைப் பார்க்காமல் வரையுங்கள். பிறகு இரண்டு தாளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். எல்லாப் புள்ளிகளும் பொருந்தும், ஒன்று மட்டும் பொருந்தாது. எதிரமைவை ஒட்டிச் சில்வியா ஒரு நாளைக்கு முழு நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்கிறது. தாளில் அது நன்றாகவே தெரியும். இப்போது ஸ்டெல்லேரியத்தைத் திறந்து சரிபாருங்கள்.

புகைப்படம் வருவதற்கு முன்னால் சிறுகோள் தேடியவர்கள் செய்ததும் இதுதான். வரைபடத்தையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளியைத் தேடுவது, அது நகர்கிறதா என்று காத்திருப்பது. அவர்களுக்குச் சரிபார்க்க மென்பொருள் இல்லை.

கேமரா வைத்திருப்பவர்கள் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு படம் எடுத்து, கணினியில் மாற்றி மாற்றிக் காட்டினாலே போதும். ஒரு புள்ளி மட்டும் துள்ளும்.

எவ்வளவு பெரிதாக்கினாலும் சில்வியா புள்ளியாகவே இருக்கும். அதனால் ஏமாற்றம் வேண்டாம். சிறுகோள்களின் ஆங்கிலப் பெயரான ஆஸ்டிராய்டுக்கே "நட்சத்திரம் போன்றது" என்றுதான் பொருள். நீங்கள் பார்க்கும் அந்த வெளிச்சம் இருபது நிமிடங்களுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டு வந்தது.

புள்ளியிலிருந்து அளவு

அளவைக் கண்டுபிடிக்க இரண்டு விஷயம் வேண்டும்: எவ்வளவு பொலிவு, மேற்பரப்பு எவ்வளவு கருமை. சின்னதாக இருந்து வெள்ளையாக இருந்தாலும், பெரிதாக இருந்து கறுப்பாக இருந்தாலும் ஒரே பொலிவாகத் தெரியும் அல்லவா? சில்வியாவின் மேற்பரப்பு தன் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. அகச்சிவப்புக் கதிர்களில் அதன் வெப்பத்தை அளந்து இதைத் தெரிந்துகொண்டார்கள். கறுப்பான பொருள் அதிகம் சூடாகும்.

கணக்கு இதோ. 1329 என்பது எல்லாச் சிறுகோளுக்கும் பொதுவான மாறாத எண். அதை அந்தப் பங்கின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 0.04இன் வர்க்கமூலம் 0.2. விடை 6645. அடுத்து, தனிப் பொலிவெண் 6.94ஐ 5ஆல் வகுத்தால் 1.388. பத்தின் அடுக்காக −1.388 போட்டால் 0.0409. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 272 கிலோமீட்டர்.

இப்போது 0.04க்குப் பதில் 0.20 என்று போட்டுப் பாருங்கள். 122 கிலோமீட்டர்தான் வரும். கருமையைத் தப்பாக எடுத்தால் அளவு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. எந்தச் சிறுகோளைப் பற்றிப் படித்தாலும், விட்டம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பழகுங்கள்.

272 என்பது சராசரி விட்டம். சில்வியா உருண்டையல்ல. நீளவாட்டில் 360 கிலோமீட்டருக்கு மேல், மிகக் குறுகிய பக்கத்தில் 200க்கும் குறைவு. இது எப்படித் தெரிந்தது? அது சுழலும்போது அகலப் பக்கம் நம்மைப் பார்த்தால் பொலிவு கூடும், முனைப் பக்கம் பார்த்தால் குறையும். 5.18 மணி நேரத்தில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். கேமரா வைத்திருந்தால் ஒரே இரவில் முழுச் சுழற்சியையும் பிடித்துவிடலாம்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம், ஒவ்வொன்றிலும் பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்ட பொலிவு, அதை வரைபடத்தாளில் குறித்துச் சேர்த்தால் அலை மாதிரி வரும். வெறும் வெளிச்ச ஏற்ற இறக்கத்திலிருந்து ஒரு பாறையின் வடிவம் கைக்கு வருகிறது.

நிலாவை வைத்து நிறை

எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது. நிதானமாகக் கூடவே போட்டு வாருங்கள்.

பெரிய நிலா ரோமுலஸ் சில்வியாவிலிருந்து ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் தொலைவில், 87.6 மணி நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதாவது மூன்றரை நாளுக்குச் சற்று மேல். நம் தொலைநோக்கிக்கு அது எட்டாது. ஆனால் அளந்தவர்கள் வெளியிட்ட எண்களை எடுத்துக்கொள்ளலாம்.

தொலைவை மீட்டராக்கினால் 13,60,000. அதை மூன்று முறை பெருக்கினால் 2.515 × 10¹⁸. அதை 39.48ஆல் பெருக்குங்கள் (4 × π × π). 9.93 × 10¹⁹ வரும். இதைத் தனியாக எழுதி வையுங்கள்.

நேரத்தை வினாடியாக்கினால் 3,15,360. அதன் வர்க்கம் 9.945 × 10¹⁰. அதை ஈர்ப்பு மாறிலியான 6.674 × 10⁻¹¹ஆல் பெருக்கினால் 6.64.

முதல் விடையை இரண்டாம் விடையால் வகுத்தால் 1.5 × 10¹⁹ கிலோகிராம். 15 எழுதி அதன் பின்னால் 18 பூஜ்யம். 2005இல் மார்ஷியின் குழு வெளியிட்ட நிறையும் ஏறக்குறைய இதுதான். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு சிறுகோளை நிறுத்துவிட்டீர்கள்.

இன்னும் ஒரு படி. 270 கிலோமீட்டர் விட்டமுள்ள உருண்டையின் கன அளவு 1.03 × 10¹⁶ கன மீட்டர். நிறையை அதனால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,450 கிலோ. தண்ணீர் 1,000 கிலோ. கருங்கல் 2,700 கிலோ. ஆய்வாளர்கள் வெளியிட்ட விடைகள் 1,200 முதல் 1,400 வரை வருகின்றன. எப்படிப் பார்த்தாலும் சில்வியா கருங்கல்லில் பாதி கனம்தான்.

அப்படியென்றால் அது முழுப் பாறையாக இருக்க முடியாது. பனி கலந்திருக்க வேண்டும், உள்ளே நிறைய வெற்றிடமும் இருக்க வேண்டும். எப்போதோ ஒரு பெரிய மோதலில் சிதறிய துண்டுகள் தங்கள் ஈர்ப்பாலேயே மறுபடி சேர்ந்து குவியலாகியிருக்கலாம். மிஞ்சிய துண்டுகளிலிருந்து நிலாக்கள் வந்திருக்கலாம். அதே மாதிரி பாதையில் சுற்றும் சின்னச் சிறுகோள்களின் குடும்பம் ஒன்றும் இருக்கிறது. நிலாக்களின் பாதையை நுணுக்கமாகப் பார்த்து 2021இல் வந்த ஓர் ஆய்வு, நடுவில் அடர்த்தியான பகுதியும் அதைச் சுற்றி இலேசான பகுதியும் இருக்கலாம் என்கிறது. உள்ளே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் புள்ளிகளின் நகர்விலிருந்து வந்தவை.

தொலைநோக்கி இல்லாதவர்களுக்கு

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, ஐ.ஏ.எஸ்.சி. என்ற பன்னாட்டுத் திட்டம். ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை இலவசமாகத் தருவார்கள். ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்த படங்களில் நகரும் புள்ளியைத் தேடிக் குறித்து அனுப்ப வேண்டும். பள்ளி, கல்லூரி மாணவர்கள் குழுவாகச் சேரலாம். மொட்டை மாடியில் பென்சிலால் செய்த அதே வேலைதான், திரையில்.

இன்னொன்று மறைப்பு. சிறுகோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகும்போது நட்சத்திரம் சில வினாடிகள் அணைந்து எரியும். எத்தனை வினாடி அணைந்தது என்பதை வெவ்வேறு ஊர்களிலிருந்து அளந்தால் சிறுகோளின் நிழல் வடிவமே கிடைத்துவிடும். 2013 ஜனவரி 6ஆம் தேதி ஐரோப்பாவில் சில்வியாவை இப்படிப் பார்த்தார்கள். பலர் பொழுதுபோக்காகச் செய்பவர்கள். அவர்களில் நால்வருக்கு ரோமுலஸ் மறைத்ததும் தெரிந்தது. இருபது கிலோமீட்டரை ஒட்டிய ஒரு நிலா, 40 கோடி கிலோமீட்டருக்கு அருகிலான தொலைவில், அவர்கள் வைத்திருந்த தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரத்தைக் கொஞ்ச நேரம் அணைத்துக் காட்டியது. ஆக்கல்ட் வாட்சர் என்ற மென்பொருளில் உங்கள் ஊரைக் கொடுத்தால் அங்கே வரவிருக்கும் மறைப்புகளைச் சொல்லும். இதற்குத் தொலைநோக்கி வேண்டும்தான், ஆனால் நட்சத்திரம் பொலிவானதாக இருந்தால் நண்பரிடம் இரவல் வாங்கிய சின்னத் தொலைநோக்கி போதும். நேரத்தை மட்டும் ஜிபிஎஸ் கடிகாரத்தோடு பதிவு செய்யுங்கள். அரை வினாடி பிசகினாலும் அளவு கெட்டுவிடும்.

நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த எதிரமைவில் வரைந்த பக்கத்தின் ஓரத்தில் எந்த ராசியில் பார்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள். 14 மாதம் கழித்து அடுத்த எதிரமைவு வரும்போது சில்வியா அங்கே இருக்காது. இரண்டு ராசி கிழக்கே தள்ளிப் போயிருக்கும். புதுத் தாள் அச்செடுத்து, அங்கிருந்து தொடங்க வேண்டும்.